அந்தோனியார் மணியை மீட்ட விவரம்

புளத்கொகுபிட்டிய,
பங்குனி, 1927

மரியாதைக்குரிய மைத்துனர் இராயப்பன் அவர்கள் சமுகத்துக்கு, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இருதயராஜ் பணிவுடன் எழுதுவது. அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் அவ்வாறே இருப்பீர்களாக. உங்கள் தங்கை மரியம்மாவும் சுகம். அவளால் எனக்கு வேலை போய்விட்டது. பதறாமல் விவரம் கேளுங்கள்.

நம் அப்பாமார் கடல் தாண்டி, மன்னார்க் காட்டு வழியே தலைச்சுமையாகக் கொண்டுவந்த அந்தோனியார் கோயில் மணி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காற்றில் கோயில் கூரை விழுந்த வருஷம், "கூரை போட்டதும் தரேன்" என்று பெரிய துரை எடுத்துப்போனார். கூரை போட்டோம், மணி வரவில்லை. பங்களா விறாந்தையில் தொங்கி, துரைக்குத் தேத்தண்ணி வேண்டும்போதெல்லாம் அடித்தது. இப்போது துரை ஒரேயடியாகச் சீமைக்குப் போகிறார். மணியைத் தன் ஊர்க் காட்சிசாலைக்குக் கொடுக்கப் போகிறாராம். மணி வைத்த பெட்டி மாட்டு வண்டியில் ஏறிவிட்டது என்று கேட்டதும் மரியம்மா கொழுந்துக் கூடையோடு ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள், மச்சான்! "ஏ! எறங்கு! அது என் சாமான்!" என்று துரை கத்துகிறார். இவளோ, "இதைத் தூக்கின தழும்பு எங்க அப்பா உச்சந்தலையில இருந்துச்சு. ஒங்க தலையில இருக்கா தொரை?" என்கிறாள். துரை தன்னையறியாமல் தொப்பிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு கோபம் வந்து, வண்டிக்காரர் காமிலைப் பார்த்து "ஓட்டு!" என்றார். காமில் நானா நிதானமாக இறங்கி மாட்டை அவிழ்த்துவிட்டு, "மாட்டுக்குக் கால் நோவு தொரை, இன்னைக்கு நடக்காது" என்றார். மாடு நாலு காலிலும் சௌகரியமாகத்தான் நின்றது. "கணக்கப்பிள்ளை, ஒன் பொம்பளைய எறக்கு, இல்லாட்டி ஒனக்கு வேலை இல்ல!" என்று என்மேல் பாய்ந்தார் துரை. நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீரம் என்று நினைக்காதீர்கள். எப்படியும் அன்றைக்கு நான் வீட்டுக்குப் போக வேண்டுமே! அதைப் பார்த்து மலையிலிருந்த சனமெல்லாம் வந்து வண்டியைச் சுற்றி நின்றது. கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று துரை மோட்டாரில் ஏறிப் போனார். பெட்டியைத் தூக்கிவந்து கோயிலில் வைத்தோம். மணி மீண்டது மச்சான்! வேலை போனால் போகட்டும்!

பெரியவர்களுக்கு எங்கள் ஸ்தோத்திரமும் பிள்ளைகளுக்கு ஆசீரும்.

இப்படிக்கு,
இருதயராஜ்

பி.கு: மணி மீண்டது என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். இப்போதுதான் பெட்டியை உடைத்தோம். வைக்கோலுக்குள் இருந்தது துரையின் பாட்டனார், பெரிய மீசையோடு, மார்பளவு வெண்கலச் சிலையாக. மணி முதல் வண்டியிலேயே போய்விட்டதாம். கப்பல் கிளம்ப இன்னும் நாலு நாள் ஆகுமாம், பாட்டனாரை உடனே அனுப்பும்படி துரை கொழும்பிலிருந்து தந்தி அடித்திருக்கிறார். நீங்கள் துறைமுகத்துக்குப் போய், மரியம்மா சொன்ன பதிலை அவரிடம் அப்படியே சொல்லவும்: "தாத்தா இங்க சொகமா இருக்காரு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்தா பாத்துட்டுப் போகலாம், டிக்கெட் கெடையாது. கூட்டிக்கிட்டுப் போகணும்னா மணியோட வாங்க."