பந்தக்கால் நின்ற பள்ளம்

பெரியகடைத் தெரு,
12.8.1998 (ஆடி 27), புதன்கிழமை

சிக்கல் கிராமத்தில் வாழும் மகாகனம் பொருந்திய மைத்துனர் வேல்சாமி அவர்களின் சமூகத்துக்கு, மாவுமில் சோணைமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான், தங்கள் தங்கை பூமயில், தங்கள் மருமகள் சேதுலட்சுமி மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத மனசு வரவில்லை. அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் சௌக்கியமாக இருக்க எல்லாம் வல்ல அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன். டெலிபோனில் பேசாமல் கடுதாசி எழுதுகிறானே என்று தாங்கள் நினைக்கலாம். டெலிபோன் வயரை வெட்டி இன்றோடு ஐம்பத்தோரு நாள் ஆகிறது. வெட்டியவர்கள் யார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வருகிற ஆவணி 12 வெள்ளிக்கிழமை பிள்ளை சேதுலட்சுமிக்குக் காது குத்துவது தாங்கள் அறிந்ததே. நாலு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டுப் பால்காய்ச்சில், கூட்ட நெரிசலில் தங்கள் சீர்த்தட்டுகளைக் கொல்லைப்பக்கமாக வாங்கி வைத்துவிட்டோம் என்று தாங்கள் கை நனைக்காமல் பஸ் ஏறிப் போனீர்கள். அன்றிலிருந்து இந்த வாசலை மிதிக்கவில்லை. பத்திரிகை வைக்க நான் நேரில் வந்தபோது, "தெரு வாசல் வழியா, மேளத்தோட கூட்டிட்டுப் போறதா இருந்தா வாரேன். இல்லாட்டி ஒரு தேங்கா மூடிகூட வராது" என்று சொன்னீர்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு, "மச்சான், பஸ் ஸ்டாண்டுல இருந்தே மேளம் வச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மச்சான், வாசல் இருக்கிறது. மேளத்துக்கும் சொல்லியாகிவிட்டது. நடுவில் தெருவைத்தான் காணோம்.

ஆனி மாதம் எட்டாம் தேதி காலையில் பொக்லைன் வந்தது. சாக்கடைக் குழாய் போடுகிறோம், மூன்றே நாளில் மூடிவிடுவோம், கொசு இருக்காது, நாற்றம் இருக்காது என்று ஓவர்சியர் ராமசுப்பிரமணியன் வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு போனார். நானும் மடையன் மாதிரி அவருக்கு மோர் கொடுத்தேன். தேரடியில் ஆரம்பித்து ஆளுயரத்துக்குத் தோண்டினார்கள். முதல் நாள் டெலிபோன் போனது. இரண்டாம் நாள் நம் மில்லுக்கு வரும் கரண்டு போனது, அதை ஒட்டிக் கொடுக்க எட்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் குடிதண்ணீர்க் குழாயை உடைத்தார்கள், அதுதான் கூத்து. வாரத்துக்கு ஒரு நாள் அரைமணி நேரம் நூல் மாதிரி வழிகிற தண்ணீர், அன்றைக்குக் காவிரி மாதிரி பொங்கி வந்தது. எந்தெந்தத் தெருவிலிருந்தோ பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பள்ளத்துக்குள் இறங்கி மொண்டார்கள். எதிர்க்கடை இரும்புக்கடை ஹாஜா முகைதீன் பாயும் தாமிரத் தவலையோடு நின்றார். உங்கள் தங்கையும் பதினேழு குடம் பிடித்தாள். மறுநாள் அதே பள்ளத்தில் பழைய சாக்கடையும் உடைந்தது. அது தெரியாமல் அன்றைக்கும் மொண்டு குடித்த அத்தனை பேரும் மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அதோடு ஆட்கள் போய்விட்டார்கள். குழாய் வரவில்லையாம். குழாய் வராமல் குழியை எதற்கடா தோண்டினாய் என்று கேட்க ஆளில்லை. வாசலில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல்தான் போக்குவரத்து. அரிசி அரைக்க வருகிற பொம்பளைகள் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் கால் வைத்ததும் அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த தெரு மில்லுக்குத் திரும்பிப் போகிறார்கள். தபால்காரர் பலகையில் ஏற மாட்டேன் என்று அக்கரையில் நின்றுகொண்டே கடுதாசியைக் கல்லில் சுற்றி எறிகிறார். தங்கள் சித்தப்பா எழுதிய கார்டு உங்கள் தங்கையின் நெற்றியில்தான் வந்து சேர்ந்தது.

ஆபீசுக்குப் போனேன் மச்சான். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. சாக்கடை ஒரு செக்சனாம், ரோடு ஒரு செக்சனாம், தண்ணீர் இன்னொரு செக்சனாம். "சரி, பள்ளம் எந்த செக்சன்?" என்று கேட்டேன். அங்கே இருந்த நாலு பேரும் ஒருத்தர் மேசையை ஒருத்தர் கை காட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டிருப்பேன். மேசையும் எந்த செக்சன் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

இப்போது பந்தக்கால் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி அங்கே யாராவது வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். விசேஷம் ஆவணியில். ஆடி பிறந்துவிட்டால் பந்தக்கால் ஊன்ற முடியாது. அதனால் ஆனி கடைசிப் புதன்கிழமை நாள் பார்த்தேன். ஜோசியர் ஈசானிய மூலையில்தான் ஊன்றணும் என்று சொல்லிவிட்டார். நம் வாசலுக்கு ஈசானிய மூலை எங்கே இருக்கிறது? பள்ளத்துக்குள் இருக்கிறது. தோண்டிப் போட்டுவிட்டு ஒரு பயல் எட்டிப் பார்க்கவில்லை, நான் என்ன செய்வேன்? ஏணி வைத்து இறங்கி, நவதானியம் போட்டு, பால் ஊற்றி, கல்யாண முருங்கைக் கம்பில் மஞ்சள் துணி கட்டி, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே ஊன்றினேன். மேலே நின்று ஏழு சுமங்கலிகள் குலவை போட்டார்கள். சாக்கடை ஈரத்தில் கம்பு துளிர் விட்டுவிட்டது மச்சான். பத்தொன்பது இலை. பார்க்கிறவர்கள் எல்லாரும் பிள்ளைக்கு நல்ல சகுனம் என்கிறார்கள்.

ஆடி பாதியில் திடீரென்று குழாய் வந்து இறங்குகிறது. மேஸ்திரி மதார் வந்து, "மொதலாளி, இந்தக் கம்பைக் கொஞ்சம் பிடுங்கிக்கிருங்க. அரை நாள் வேலை, குழாயப் போட்டு மூடிட்டுப் போயிருவோம்" என்கிறான்.

"ஏலே, விசேஷம் முடியாம பந்தக்கால பிடுங்குனவன் இந்த ஜில்லாவுல உண்டாடா?" என்றேன்.

ஓவர்சியர் வந்தார். மோர் குடித்த அதே வாயால், "சர்க்கார் பள்ளத்துக்குள்ள கம்பு நட உமக்கு யாருய்யா அனுமதி கொடுத்தது?" என்கிறார்.

"சர்க்கார் பள்ளம்னு போர்டு போட்டிருந்துச்சா? என் வாசல்ல இருந்துச்சு, நட்டேன்" என்றேன்.

அதற்கு அந்த ஆள் சிரிக்கிறார் மச்சான், சிரிக்கிறார். என் பிள்ளை காதுகுத்தைப் பார்த்து ஒருத்தன் சிரித்தால் நான் விட்டுக்கொடுப்பேனா? பள்ளத்துக்குள் இறங்கி, கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "கைய வைங்கடா பார்ப்போம்" என்று நின்றுவிட்டேன். ஹாஜா முகைதீன் பாய் வேறு மேலே நின்றுகொண்டு, "சோணை, ரெண்டு முழம் தள்ளி நட்டா என்னப்பா?" என்று பஞ்சாயத்துக்கு வருகிறார். அவர் மகள் நிக்காஹ் அன்றைக்குப் பந்தலை ரெண்டு முழம் தள்ளிப் போடச் சொல்லி நான் போய் நின்றேனா? அன்றிலிருந்து அவரோடும் பேச்சு இல்லை. பள்ளம் மட்டும் அப்படியே கிடக்கிறது. எல்லாம் இந்த ஆபீஸ்காரர்களின் திமிர், பொறுப்பில்லாத்தனம், வேறென்ன?

ஆகவே மைத்துனர் அவர்களுக்குப் பணிவாக விண்ணப்பித்துக்கொள்வது என்னவென்றால், எழுதவே கை கூசுகிறது. வெள்ளிக்கிழமை சீர் ஏற்றி வரும் டிராக்டரைப் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டு, மேளத்தையும் அங்கேயே விட்டுவிட்டு, தட்டுகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மீன்கடைச் சந்து வழியாகக் கொல்லை வாசலுக்கு வந்துவிட்டால் புண்ணியமாகப் போகும். சீர்க் கிடாயையும் சந்து வழியாகவே ஓட்டி வாருங்கள், பலகையில் ஏற்றினால் விழுந்துவிடும். தாங்கள் இதைப் படித்துவிட்டுக் கடுதாசியைக் கிழித்து எறிவீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்யட்டும்? தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தணும், அண்ணன் வராட்டி என் பிள்ளை வெறுங்காதோடயே வளரட்டும் என்று உங்கள் தங்கை ஒரே பிடியாக நிற்கிறாள். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பத்திரிகை ஐநூறு பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. என் மானம் உங்கள் கையில் இருக்கிறது. இந்த ஊரையும், இந்த ஓவர்சியரையும், இந்தக் குழாயையும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். பெரியவர்கள் அனைவர் பாதங்களுக்கும் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
மாவுமில் சோணைமுத்து

பின்குறிப்பு: அண்ணே, நான் பூமயில் எழுதுறேன். கவரை ஒட்டி வைன்னு என்கிட்டக் குடுத்துட்டு, ஆபீசுல ஏழாவது தடவையா சண்டை போடப் போயிருக்காக. அவுக எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல, ஒண்ணே ஒண்ணுதான் எழுதாம விட்டுட்டாக. தேரடியில இருந்து கடைசி வரைக்கும் எல்லா வாசலையும் மூடித் தாரு போட்டு இன்னையோட பத்து நாளாச்சு. நம்ம வாசல் பன்னெண்டு அடிதான் பாக்கி. தெருவே எங்களத்தான் வையுது. பந்தக்கால பிடுங்குனா அபசகுனம்னு அவுக குதிக்கிறாக. நாலு வருசமா என் கூடப்பிறந்தவன் என் வாசல்ல கால் வைக்கல, அதைவிட என்ன அபசகுனம் எனக்கு வரப்போகுது? அவுக தலை மறைஞ்சதும் நானே ஏணி வச்சு இறங்கிப் பிடுங்கிட்டேன். கொல்லையில நட்டுத் தண்ணி ஊத்தியிருக்கேன். பிடுங்கும்போது அழுகை வந்துச்சு, ஆனாலும் பிடுங்கிட்டேன். மதாரும் ஆளுகளும் குழாயப் போட்டாச்சு, இப்ப மண்ணு தள்ளுறாக. அவுக வந்து என்ன ஆட்டம் ஆடப்போறாகளோ, ஆடிட்டுப் போகட்டும். நீ மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு, டிராக்டரோட, மேளத்தோட, தெரு வழியா வா. அன்னைக்குக் கொல்லைக் கதவைத் திறந்து தட்டை வாங்குனது நான்தான் அண்ணே. அவுக மேல பழி இருக்கட்டும்னு நாலு வருசமா வாயைத் திறக்காம இருந்துட்டேன். திட்டுறதா இருந்தா, வந்து என்னை நேர்ல திட்டு.