அன்ரனா பூட்டிய மத்தியானம்

காதலில் விழுந்தவனை ஆய்வுகூடத்துக்குள் விடக்கூடாது. கண்டிப் பக்கம் பொறியியல் இறுதி வருடம் படித்தபோது என்னை விட்டார்கள்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கடிதம் வர மாதக்கணக்காகும். அந்த நேரத்தில்தான் அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வரும் பரீனாவை என் ஆய்வுக்குக் கூட்டாளியாகப் போட்டார்கள். (எனக்கு அதிர்ஷ்டம். அவளுக்கு என்னவென்று தெரியாது.)

வானொலி அலைகளை அனுப்பும் வலுப் பெருக்கியை முழுப் பலத்தில் ஓடவிட்டால், அது சமிக்ஞையின் உச்சிகளை நசுக்கிவிடும். பக்கத்து அலைவரிசைகளுக்குள்ளும் குப்பை வழியும். பெருக்கி செய்யப்போகும் கோணலை முன்கூட்டியே கணக்கிட்டு, சமிக்ஞையை எதிர்ப்பக்கமாகக் கோணலாக்கிக் கொடுத்தால் வெளியே நேராக வரும். இதுதான் எங்கள் ஆய்வு. கணினி நிரலை நான் எழுதினேன்.

பரிசோதனையின்போது, அலைகளை வெளியே வீசும் அன்ரனாவுக்குப் பதிலாக, சக்தியை உள்ளேயே விழுங்கும் மின்தடை ஒன்றைத்தான் பூட்ட வேண்டும். பரீனாவும் அதையே சொன்னாள். அவள் வியக்க வேண்டும் என்பதற்காக நான் அன்ரனாவைப் பூட்டினேன்.

சிற்றுண்டிச்சாலையில் பாதிப் பல்கலைக்கழகம் கிரிக்கெட்டின் கடைசி ஓவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சித் திரை வரிவரியாகக் கிழிந்ததாம். கூச்சல் எங்களுக்கும் கேட்டது. நாடு வென்றுவிட்டது என்று நினைத்துக் கைதட்டினேன்.

கால்மணி நேரத்தில் காவலரணிலிருந்து இரண்டு இராணுவத்தினர் வந்தார்கள். அவர்களுடைய வானொலியும் இரைந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெடியன், மேசையில் ஒலிபரப்பி, யன்னலில் அன்ரனா. இதைவிடச் சின்னக் காரணத்துக்குப் பிடிபட்டுப் போனவர்களே திரும்பி வராத காலம். அடையாள அட்டையை நீட்டினேன்.

பரீனா நிரலை நிதானமாக வாசித்தாள். பிறகு சிங்களத்தில் விளக்கினாள்: கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில் இவர் கூட்டல் போட்டிருக்கிறார், கோணலைத் திருத்தாமல் இரட்டிப்பாக்கியிருக்கிறார், இவரை நம்பி எந்த ஆயுத இயக்கமும் ஒரு வேலை கொடுக்காது.

மூத்தவர் சிரித்துவிட்டார். அட்டை என் கைக்குத் திரும்பி வந்தது.

அவர்கள் போன பிறகுதான் அவள் கதிரையில் உட்கார்ந்து அழுதாள்.

"உங்களப் புடிச்சிட்டுப் போயிருந்தா, உங்கட உம்மாக்கு நான் என்னண்டு எழுதுற?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்ததோ, "நாளைக்கு வெள்ளன வாறன்."

அடுத்த வருடம் அவளுக்குக் கலியாணம் நடந்தது. பிறகு எங்கே போனாள் என்று தெரியாது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி கொஞ்சம் மங்கினால் மனைவியும் மகள்மாரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப என்னத்தைப் பூட்டினீங்கள்?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். முழுக் கதையும் அவர்களுக்கு மனப்பாடம். பரீனா அழுத இடத்தை மட்டும் நான் சொன்னதில்லை.