லூப்பேக் அண்ணன் அனுப்பிய டெஸ்ட் வரி

சிங்கப்பூரில் தன் வீட்டு அழைப்பு மணியைத் தானே அடித்துவிட்டு உள்ளே போகும் ஒரே மனிதர் எங்கள் லூப்பேக் அண்ணன்தான். புக்கிட் மேராவில் தனிக்கட்டை. தினமும் வேலை விட்டு வந்ததும் மணியை அடிப்பார், கதவில் காதை வைத்துக் கேட்பார், அப்புறம்தான் சாவியை எடுப்பார்.

"ஆளே இல்லாத வீட்டுல யாருண்ணே திறக்கப் போறா?" என்று கேட்டேன்.

"திறக்குறது வேற விஷயம் லா. பெல் ஓகேயான்னு தெரியணும்ல?"

எல்லாம் தொழில் செய்த வேலை. ஆங் மோ கியோவில் கப்பல் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு சிமுலேட்டர் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. மொத்தம் ஐந்து கணினிகள், ஒவ்வொன்றிலும் மற்றவற்றோடு பேச ஒரு கார்டு. ஒன்றின் கேபிள் அடுத்ததற்குப் போகும், இப்படியே சுற்றி முதல் கணினிக்கே வந்து சேரும். ஒன்றில் எழுதியது மறுநொடி ஐந்திலும் தெரியும். அது ரிங் மோடு. லூப்பேக் மோடு வேறு: கார்டிலிருந்து கிளம்பும் கேபிளை அதே கார்டிலேயே செருகிவிடுவது. அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கார்டு பாஸ். பக்கத்துக் கணினிக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணன் வாழ்ந்ததே இரண்டாவது மோடில்தான். வாட்ஸ்அப்பில் எதையும் முதலில் தனக்கு அனுப்பிப் படித்துப் பார்த்து, "ஓகே" என்று தனக்கே பதிலும் போட்டுவிட்டுத்தான் நமக்கு அனுப்புவார். தேக்காவில் பிரியாணி சாப்பிடப் போனால் முதல் பொட்டலம் அவருக்கு. அவர் சாப்பிட்டு முடித்து, தெம்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் ஆர்டர் செய்யலாம். பசியில் எங்களுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவருக்கு நான்காவது கணினியில் உட்காரும் ஸ்டெல்லா மேல் ஆசை. ஸ்டெல்லா மாதாகோவில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், வாயும் கொஞ்சம் நீளம். அவரோ ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கும் அக்காவோடு போய் இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் பக்கென்றது.

"சொல்லித் தொலைங்கண்ணே, அவங்க ஃபிளைட் ஏறிடுவாங்க!"

"இன்னும் டெஸ்டிங்லதான் இருக்குப்பா."

உண்மையிலேயே டெஸ்டிங்கில்தான் இருந்திருக்கிறது என்பது, கப்பல் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் சிமுலேட்டரைப் பார்க்க வந்த அன்றுதான் தெரிந்தது. அண்ணன் பயபக்தியோடு தன் கேபிளைப் பிடுங்கி ரிங்கில் மாட்டினார். ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட்டை நிறுத்த மட்டும் மறந்துவிட்டார். திரையில் கடல் வந்தது, கப்பல் வந்தது, ஐந்து திரைகளின் அடியிலும் மஞ்சள் எழுத்தில் மூன்று வரிகளும் வந்தன:

அனுப்பியது: ஸ்டெல்லா, என்னைக் கட்டிக்கிறீங்களா?

வந்தது: ஸ்டெல்லா, என்னைக் கட்டிக்கிறீங்களா?

பாஸ்.

ஐயோ! மற்றவர்கள் பூஜ்யமும் ஒன்றும் அனுப்பி டெஸ்ட் செய்வார்கள். இந்த மனுஷன் இத்தனை வருஷமாக இதைத்தான் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்!

எங்கள் முதலாளி லிம்முக்குத் தமிழ் தெரியாது. "வாட் இஸ் திஸ்? எரர் ஆ?" என்று பதறினார்.

"டெஸ்ட் பேட்டர்ன், சார்" என்று நான் சமாளிப்பதற்குள், வந்திருந்த கேப்டன் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். அவர் நம்ம ஆள். "எரர்லாம் இல்ல, பொண்ணு கேக்குறாரு! ஸ்டெல்லா யாருங்க?"

அண்ணன் மேசைக்கடியில் குனிந்து கேபிளைத் தேடினார். பிடுங்கிவிடத்தான். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஸ்டெல்லா யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் கணினியில் அந்த வரியின் மேலேயே படபடவென்று தட்டச்சு செய்தார்.

அனுப்பியது: ஸ்டெல்லா, என்னைக் கட்டிக்கிறீங்களா?

வந்தது: சரி. இவ்வளவு நாளா யார்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தீங்க?

ஃபெயில்.

அந்தக் கார்டு வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபெயில் ஆனது. அண்ணன் மேசைக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேப்டன் கைதட்ட, என்னவென்றே தெரியாமல் லிம்மும் சேர்ந்து தட்டினார்.

போன தீபாவளிக்கு அண்ணனோடு அவர் வீட்டுக்குப் போனேன். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது, ஆனாலும் வழக்கம்போல மணியை அடித்தார். உள்ளேயிருந்து, "வேலை செய்யுது, வேலை செய்யுது! தினம் இதே ரோதனை!" என்று ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. அதைக் கேட்டு அண்ணன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோது, அந்த மணியை இன்னொரு தடவை நானே அடிக்கலாம் போலிருந்தது.