நாலு படி பாலும் மூன்று தசம ஸ்தானமும்

கிழக்குத் தாம்பரம்,
18-8-1963.

கர்த்தருக்குள் பிரியமான ஹில்டா அக்காவுக்கு, தம்பி தனசிங் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கே நானும் சாராளும் யூனிஸும் தேவ கிருபையால் சுகம். நாசரேத்தில் நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

அக்கா, யூனிஸுக்குச் சம்பந்தம் முடிந்துவிட்டது. முடித்தது நான் என்று சொன்னால் பெருமையடிக்கிறான் என்பீர்கள். உள்ளதைச் சொல்ல வேண்டாமா? மாப்பிள்ளையின் அப்பா வில்பிரட் எடை அளவு இன்ஸ்பெக்டர் என்று முன்பே எழுதியிருந்தேன். கடைகடையாய்ப் போய், முத்திரை இல்லாத படி, உழக்கு எதைக் கண்டாலும் கேஸ் எழுதுகிற மனுஷன். லிட்டர் வந்த பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. நிச்சயத்துக்கு நாள் குறித்தபோதே, "முப்பத்தோரு பேர் வருவோம், பாயசத்தில் ஒரு டம்ளர் குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது, அளவு தெரியாத வீட்டில் பெண் எடுக்க மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்புதான் சிரித்தார், சொன்னது நிஜம். போன வருஷம் பல்லாவரத்தில் ஒரு வீட்டில் சாம்பார் மிஞ்சியதென்று எழுந்து வந்தவராம். யூனிஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நான் விடுவேனா? பதினெட்டு வருஷம் கணக்கு வாத்தியார். நீங்கள் எழுதியனுப்பிய பாயசப் பக்குவத்தில் நாலு படி பால் என்றிருந்ததே, அந்தப் படியை ஆழாக்காக்கி, ஆழாக்கை அவுன்ஸாக்கி, அவுன்ஸைக் காலனாக்கி, காலனை லிட்டராக்கி, மூன்று தசம ஸ்தானத்துக்குச் சுத்தமாகக் கொண்டுவந்தேன், சேமியாவையும் விடல, முந்திரியையும் விடல, எல்லாத்துக்கும் கணக்கு போட்டு, யாரும் கை வைக்கக் கூடாதுன்னு ஒரு கவர்ல போட்டு கோந்து தடவி ஒட்டி, சமைக்க வந்த பம்மல் எல்லம்மாகிட்ட குடுன்னு சாராள் கையில குடுத்தேன். அவள் ஒண்ணும் பேசல. பேசாட்டி சம்மதம்தானே.

அக்கா, நம்ப மாட்டீங்க, முப்பத்தோரு டம்ளர், நம்ம வீட்டுக்கு மூணு, அதோட அண்டாவுல அடி தெரியுது. வில்பிரட் எழுந்து வந்து அண்டாவுக்குள்ள எட்டிப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடிச்சுகிட்டு, "சம்பந்தி, இந்தக் கணக்கை நீங்க எனக்கு எழுதித் தரணும், கண்ணாடி போட்டு ஆபீஸ்ல மாட்டணும்" என்றார். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேருக்கும் என் கணக்குப்படியே சமையல் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் களஞ்சியங்களை அளவில்லாமல் நிரப்புவாராக.

அன்புத் தம்பி,
தனசிங்.

பி.கு: வில்பிரட்டுக்கு நகல் எடுக்கலாமென்று கவரைத் தேடினேன். அரிசிப் பானைக்கு மேல் ஒட்டினது ஒட்டினபடியே கிடக்கிறது. எல்லம்மாவைக் கேட்டதற்கு, "கவரா? இன்னா கவரு சார்? நான் எப்பவும் என் டால்டா டின்னுலதான் அளப்பேன். மூணு டின்னு பால் ஊத்தினேன்" என்றாள். சாராளைக் கேட்டேன். "ஹில்டா மைனி எழுதினது ஊர்ச் சின்னப்படி. நீங்க பட்டணத்துப் பெரியபடின்னுதான் போட்டிருப்பீங்க" என்றாள். பிரித்துப் பார்த்தேன், பெரியபடிதான் போட்டிருக்கிறேன். அதன்படி செய்திருந்தால் எட்டு டம்ளர் மிஞ்சியிருக்கும், யூனிஸும் நம் வீட்டிலேயே மிஞ்சியிருப்பாள். அந்த டின்னிலோ முத்திரை கிடையாது, சம்பந்தி பார்த்தால் கேஸ் எழுதிவிடுவார். இனி வேறு தாளில் எழுத நேரமில்லை, தபால் எடுத்துவிடுவார்கள். ஆகவே அக்கா, மேலே 'என் கணக்கு' என்று எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் 'எல்லம்மாவின் டின்' என்று மாற்றி வாசித்துக்கொள்ளவும். அத்தானுக்கு மட்டும் மாற்றாமல் வாசித்துக் காட்டவும்.