மரபணு மாப்பிள்ளை

ஓசூர் சிப்காட்டில், ஆய்வகத்தின் குளிரறையை விட்டு வெளியே வந்து கையுறையைக் கழற்றிய பிரதாப், கைப்பேசியைத் திறந்ததும் தன் முகத்தைப் பர்கூர் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தான்.

பன்னிரண்டடி அகலத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். நடுவில் அவன். கழுத்துக்கு மேலே அவனுடைய தலை. கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய கோட்டோ. ஒரு பக்கம் வருங்கால மாமனார் வெங்கடப்பன் கும்பிட்டபடி நின்றார். கீழே பங்காளிகளும் மாமன் மச்சான்களுமாகப் பதினேழு தலைகள். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில்: ‘மரபணு மாப்பிள்ளை பிரதாப் எம்.எஸ்ஸி. அவர்களே வருக வருக!’

அதுவரைக்கும் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. படத்தை விரலால் விரித்து வலது மூலையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

அங்கே நான்கு வட்டங்கள் இருந்தன. முதல் வட்டத்தில் மாங்கன்றின் கொழுந்து இலையை நசுக்குகிறார்கள். இரண்டாவதில் அந்தச் சாற்றோடு ராகிக் கூழின் தெளிந்த தண்ணீரைச் சேர்க்கிறார்கள். மூன்றாவதில் அது ஒரு சின்னக் குழாயில் இருக்கும் ரோஸ் நிற மருந்துக்குள் போகிறது. நான்காவதில் வெந்நீர்ச் செம்பு. அரை மணி நேரம். ரோஸ் மஞ்சளானால் அசல் ரகம், ஆகாவிட்டால் போலி. எத்தனை சொட்டு, எவ்வளவு சூடு என்பது வரைக்கும் அச்சடித்திருந்தார்கள்.

மூன்று வருடமாகக் கம்பெனி பூட்டி வைத்திருந்த ரகசியம் மொத்தமே அவ்வளவுதான்.

பிரதாப் வேலை பார்த்த கம்பெனி, மரபணுப் பரிசோதனைக் கருவிகளைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கும் கம்பெனி. வரவேற்பறைச் சுவரில் இரண்டு காப்புரிமைச் சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. மூன்றாவது சட்டத்துக்கு இப்போதே ஆணி அடித்து வைத்திருந்தார்கள். மாங்கன்று வாங்கி நட்டவர், அது சொன்ன ரகம்தானா என்று தெரிந்துகொள்ளக் காய்க்கும் வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தக் கருவி அரை மணியில் சொல்லிவிடும். மாவிலையின் பிசின்தான் பரிசோதனையை ஒவ்வொரு முறையும் கெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் போனில், அவனுக்கு நிச்சயமான பெண் நிர்மலா, தன் அம்மா கையில் ஒட்டிய மாம்பாலைக் கூழ்த் தண்ணீரில்தான் கழுவுவார் என்று சொன்னாள். பிரதாப் மறுநாளே சோதித்துப் பார்த்தான். பிசின் அப்படியே படிந்து அடங்கிவிட்டது.

யோசனை கொடுத்தவளிடம் முடிவைச் சொல்வதுதானே மரியாதை? ஒரு தாளில் நான்கு வட்டம் வரைந்து கொடுத்தான்.

மேலாளர் ரத்தினவேல் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். “மனு பதிவாகற வரைக்கும் இது வெளிய தெரியக் கூடாதுய்யா. ஊரு ஒரு தடவ பாத்துட்டா, அப்புறம் அது புதுசு இல்ல. காப்புரிமையும் இல்ல. கட்டின பொண்டாட்டிகிட்டக்கூட மூச்சு விடக் கூடாது. விட்டவனுக்கு இங்க வேலை கிடையாது.”

நிர்மலா இன்னும் கட்டின பொண்டாட்டி ஆகவில்லை என்று பிரதாப் தன் மனசுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தான். அந்தச் சமாதானம் இப்போது பன்னிரண்டடி அகலத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மனு பதிய வேண்டியது வரும் வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய்.

மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி அவளை அழைத்தான்.

“நிம்மி, என்ன இது?”

“பாத்துட்டீங்களா! சனிக்கிழம சாயங்காலமே கட்டியாச்சுங்க. நீங்களே இந்தப் பக்கம் வந்து பாத்து அசந்துபோகணும்னு மூணு நாளா வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். முடியல, அனுப்பிட்டேன்.”

“அந்த நாலு வட்டம்...”

“நீங்க வரைஞ்சு குடுத்ததுதான். பெரியப்பா வூட்ல, மாப்ள லேப்ல இருக்காராமே, ரத்தம் எடுக்கற பையனான்னு கேட்டுக் கேட்டு அப்பா நொந்துட்டாருங்க. இப்ப ஒருத்தர் வாயத் தொறக்கணுமே!”

பிரதாப் விஷயத்தைச் சொன்னான். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

“ஐயையோ. அப்பா அங்கயே நாற்காலி போட்டு உக்காந்து, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்காருங்க.”

“விளக்கம் வேறயா? எப்படியாச்சும் எடுக்கச் சொல்லு. காரணம் மட்டும் சொல்லிராத. அது ஊரெல்லாம் பரவும்.”

பத்தாவது நிமிடம் வெங்கடப்பனே அழைத்தார்.

“மாப்ள, மன்னிச்சுக்கோணும். பேனர்ல ஏதோ கொறைன்னு பாப்பா சொல்லுச்சு. எனக்குப் பட்டுன்னு புரிஞ்சுபோச்சு. பசங்க தலையெல்லாம் போட்டதுல உங்க படம் சின்னதாப் பூடுச்சு. நீங்க கவலையே படாதீங்க. இருபதடிக்குச் சொல்லிட்டேன்.”

“மாமா, வேணாம் மாமா...”

“அந்த நாலு வட்டத்தயும் பெருசாப் போடச் சொல்லியிருக்கேன். பெங்களூரு பஸ்ல போறவங்களும் படிக்கலாம்.”

பிரதாப் பல்வலி என்று சொல்லி விடுப்புக் கேட்டான். ரத்தினவேல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “போய்ட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துரு. காப்புரிமை வக்கீலம்மா சென்னையிலேருந்து இன்னிக்கே கிளம்பி வர்றாங்களாம். ஏதோ அவசரம்னாங்க.”

தெரிந்துவிட்டதா? வண்டியை எடுத்தவனுக்குச் சூளகிரி தாண்டும்வரை அதே கேள்விதான். வழியில் தெரிந்த ஒவ்வொரு பேனரிலும் தன் தலை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனான். கிருஷ்ணகிரியில் ஒரு காதுகுத்து பேனர் அவனை நடுங்க வைத்தது.

பர்கூரில் முதலில் ஃபிளெக்ஸ் கடை. கடைக்காரன் ஜெகதீஷ் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

“அண்ணா, நீங்களா! கோட்டு புடிச்சுதாங்கண்ணா? அது குப்பத்துல ஒரு கல்யாண மாப்ளையோட கோட்டு. உங்க தலைக்கு அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு.”

“இருபதடி பேனர நிறுத்துங்க.”

“ஏழடி வந்திருச்சேண்ணா.” மிஷினிலிருந்து பிரதாப்பின் நெற்றியும் ஒரு கண்ணும் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தன.

“வெட்டிக் குடுங்க. கம்ப்யூட்டர்ல படம் இருக்கா?”

“பத்திரமா இருக்குங்கண்ணா.”

“அழிங்க.”

ஜெகதீஷின் முகம் வாடிவிட்டது. “அந்த நாலு வட்டத்துக்கு ஒரு நாள் பூரா உக்காந்தேண்ணா. எழவு வூட்டுக்காரங்ககூட இப்பிடிச் சொன்னதில்ல.”

பிரதாப் விடவில்லை. கம்ப்யூட்டரில் அழித்து, அழித்ததைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்து, பென் டிரைவைத் துடைத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை எடுக்க வைத்து, கைப்பேசியை வாங்கித் தானே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.

பேருந்து நிறுத்தத்தில் மாமனாரின் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிடப் போயிருப்பார். யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே கம்பத்தில் ஏறினான். பிளேடு பட்டு ஒரு பக்கக் கயிறு அறுந்தது. தன் கோட்டு மடிந்து விழுந்ததைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டான். அடுத்த நொடி அவன் காலை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

“டேய்! யார்ரா அவன், எங்க மாப்ள பேனர அறுக்கறவன்?”

நிர்மலாவின் பெரியப்பா மகன் அஜித்குமார். பேனரில் கீழ்வரிசையில் மூன்றாவது தலை.

“பொறாமை புடிச்சவன்டா! புடிங்கடா!”

நான்கு பேர் ஓடி வந்தார்கள். பிறகு நாற்பது பேரானார்கள். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. ரத்தினவேல். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும், ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டான்.

“என்னப்பா, பல்லப் புடுங்கியாச்சா?”

“புடுங்கிக்கிட்டு இருக்காங்க சார்.”

“கீழ எறக்குடா அவன! கால ஒடைங்கடா!” என்றது கூட்டம். 

“என்ன ஆஸ்பத்திரிய்யா அது?” என்றார் ரத்தினவேல். 

“கொஞ்சம் கூட்டம் சார். அப்புறம் பேசறேன்.”

இறக்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அஜித்குமார் அவன் முகத்தைப் பார்த்தான். தொங்கிய பேனரைப் பார்த்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான்.

“அட, மாமா! கோட்டு இல்லாம அடையாளம் தெரியல.”

வெங்கடப்பன் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். அறுந்த கயிற்றையும் மாப்பிள்ளை கையிலிருந்த பிளேடையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க பிரதாப்புக்கு மனசு வரவில்லை.

“எங்களால உங்களுக்கு எதுனா அவமானமாப் பூடுச்சா மாப்ள?”

இத்தனை பேர் நடுவே உண்மையைச் சொல்ல முடியுமா? ‘அந்த நாலு வட்டம்தான் ரகசியம்’ என்று சொன்னால், இதுவரை படிக்காதவனும் படித்துவிடுவான். பிரதாப் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

“அதெல்லாம் இல்ல மாமா. அம்மா நேத்து கெட்ட கனாக் கண்டுட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை படம் வெளிய தொங்கினா கண்ணு பட்டுரும்னு ஒரே அழுகை.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியார் முனிலட்சுமி முன்னால் வந்தார். “நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா? கேட்டாத்தான இந்த மனுசன்! ஊரு கண்ணு பூரா எம் மாப்ள மேல!”

அதற்குப்பின் காரியம் பிரதாப்பின் கையில் இல்லை. பேனரை இறக்கி முச்சந்திக்கு இழுத்துப் போனார்கள். பழைய பேனர் என்றால் தன் ஆட்டுக்கொட்டகைக் கூரைக்குத்தான் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்த பக்கத்து வீட்டு வெள்ளையம்மா, ஓரத்துத் துண்டையாவது கேட்டுப் பார்த்தார். “கண்ணு பட்டதக் கொண்டுபோயி ஆட்டு மேல போடுவியாக்கா?” என்று முனிலட்சுமி மறுத்துவிட்டார். உப்பு, மிளகாய், கற்பூரம், அதன் மேல் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ். ஜெகதீஷ் வெட்டிக் கொடுத்த ஏழடியும் கூடவே போனது. நான்கு வட்டங்களும் சுருண்டு கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

நாற்றம் தாங்காமல் எல்லாரும் மூக்கைப் பொத்த, முனிலட்சுமி மட்டும் அசையவில்லை. “படம் புடிச்சவங்க எல்லாம் போன எடுங்க. எங் கண்ணு முன்னால அழிங்க. அழிக்காதவங்க வூட்டு விசேஷத்துக்கு நாங்க வர மாட்டோம்!”

நாற்பது கைப்பேசிகளும் வரிசையாக அவர் முன்னால் நீண்டன. குடும்ப வாட்ஸ்அப் குழுவையே அஜித்குமார் கலைத்தான். கடைசியாக நிர்மலா வந்தாள். கைப்பையிலிருந்து பிரதாப் வரைந்து கொடுத்த தாளை எடுத்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தீயில் போட்டாள்.

“எங்கப்பா தலை, பெரியப்பா தலை, எல்லாம் கொளுத்தியாச்சு. இப்ப நிம்மதிதான?” என்றாள் மெதுவாக.

“உசுரு வந்திருச்சு நிம்மி,” என்றான். அவள் அனுப்பிய படத்தைத் தன் கைப்பேசியிலிருந்தும் அவள் கைப்பேசியிலிருந்தும் அழித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஓசூர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரத்தினவேலின் அறையில் வக்கீல் பூங்கொடி உட்கார்ந்திருந்தார். நரைத்த முடி, மேசையில் ஒரு கட்டுக் காகிதம். ரத்தினவேல் அன்றைய நாளிதழை பிரதாப் பக்கம் தள்ளினார்.

“படிப்பா.”

பெங்களூரில் ஒரு கம்பெனி, மாங்கன்றின் ரகத்தை அரை மணியில் சொல்லும் கருவியைக் கண்டுபிடித்திருக்கிறதாம். பிசினை அடக்க ராகிக் கூழ்த் தண்ணீராம். திங்கட்கிழமை காப்புரிமைக்கு மனுப் பதிந்துவிட்டார்களாம்.

“நமக்கு முன்னாடி போட்டுட்டாங்க,” என்றார் ரத்தினவேல். “மூணு வருஷம், பிரதாப். அந்த ஆணியப் புடுங்கிட வேண்டியதுதான்.”

பெங்களூரு பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கலாம் என்று மாமனார் சொன்னது பிரதாப்பின் காதுக்குள் மறுபடி கேட்டது. அதற்கு மேல் மறைக்க அவனால் முடியவில்லை.

“சார், எல்லாம் என்னாலதான். எனக்குப் பல்வலியே இல்ல சார்.”

கூழ்த் தண்ணீரிலிருந்து தொடங்கி நிர்மலா, நான்கு வட்டம், பேனர் என்று எல்லாவற்றையும் கொட்டினான். ரத்தினவேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். 

“உன்ன நம்பி... உன் பேர மனுவுல வேற போட்டு... வெளிய போய்யா! நாளைக்கு இந்த வாசப்படிய மிதிக்காத!”

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் பூங்கொடி. பேனாவின் மூடியைத் திறந்தார். “தம்பி, சனிக்கிழமை கட்டினதுன்னு நிச்சயமாத் தெரியுமா?”

“ஆமாங்க மேடம். சனிக்கிழமை சாயங்காலம்.”

“கூழ்த் தண்ணி, சொட்டுக் கணக்கு, சூடு, எல்லாம் அதுல இருந்துச்சா?”

“எல்லாமே மேடம்.”

“கம்பெனியக் கேட்டு வெச்சாங்களா?”

“என்னையே கேக்கல மேடம்.”

பூங்கொடி முதல் தடவையாகச் சிரித்தார்.

“சார், நீங்க உக்காருங்க, இந்தப் பையனத் திட்டாதீங்க. சனிக்கிழமையே ஊரு நடுவுல நின்ன விஷயத்த, திங்கக்கிழமை போய்ப் புதுசுன்னு யாராலயும் சொல்ல முடியாது, பெங்களூர்க்காரங்க மனு நிக்காது. நம்மளக் கேக்காம வெச்சதுங்கறதால நம்ம மனுவ நான் வாதாடிக் காப்பாத்திருவேன். தம்பி, நீங்க அந்த பேனர மட்டும் கொண்டு வந்து குடுங்க, இல்லன்னா அதோட ஒரே ஒரு போட்டோ இருந்தாலும் போதும்.”