உளுந்து உதிர்த்த எட்டு சிலிண்டர்

“—அந்த ஓரம் இன்னும் உதிரல தம்பி, இன்னும் ரெண்டு சுத்து வரச் சொல்லு” என்று அஞ்சம்மாள் என்னிடம் சொன்னபோது, நான் குடவாசலுக்குக் கிழக்கே நடுச்சாலையில், தலை நிறைய உளுந்துச் சருகோடும் கையில் ஸ்பானரோடும் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இந்தப் பக்கம் ஓர் இத்தாலிய வண்டி, வயிற்றில் புகையோடு படுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் ஓர் அமெரிக்க வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பார்கள். சொன்னவருக்கு என்னைத் தெரியாது. வாயால் நான் பிழைத்ததைவிட, என் வாயிடமிருந்து நான் தப்பிப் பிழைத்ததுதான் அதிகம். அதில் முதலாவதும் பெரியதும் இது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. குடவாசலில் டிராக்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தேன். (பட்டறை என்றால் ஒரு புளியமரம், ஒரு தகரப் பெட்டி.) பள்ளிக்கூடமும் நானும் எட்டாவதோடு சுமுகமாகப் பிரிந்துவிட்டோம். அதன்பிறகு என் கல்வியை மளிகைக்கடை ஏற்றுக்கொண்டது. பொட்டலம் மடிக்க வரும் பழைய காகிதக் கட்டில் வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகைகள் இருக்கும். படம் பார்த்துப் புரிந்தது பாதி, போஸ்ட் மாஸ்டரைக் கெஞ்சிப் படித்துக் காட்டச் சொன்னது பாதி. அமெரிக்க ‘மசில் கார்’ உயர்ந்ததா, ஐரோப்பிய ‘ஸ்போர்ட்ஸ் கார்’ உயர்ந்ததா என்று நீள நீளமாக ஒப்பிட்டிருப்பார்கள். ஆனால் முடிவு சொல்லும் கடைசிப் பக்கம் எனக்குக் கிடைத்ததே இல்லை. அதில் யாருக்கோ மிளகு போயிருக்கும். ஆகவே தீர்ப்பை நானே சொல்லிக்கொண்டேன்: ஐரோப்பிய வண்டிதான் உயர்ந்தது.

டீக்கடையில் என் வாதம் இதுதான். அமெரிக்காக்காரன் எட்டு சிலிண்டரைத் தூக்கி வைப்பான். வைத்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். அது நேர்கோட்டில் வெறிபிடித்து ஓடும். திருப்பம் வந்தால் சந்தைக்குப் புதுசாக வந்த காளை மாதிரி உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கும். ஐரோப்பியன் சின்ன இஞ்சின் வைத்து, எடையைக் குறைத்து, வண்டியைத் தரையோடு தரையாகப் பதித்துவைப்பான். திருப்பத்தில் தாழம்பாம்பு மாதிரி வளைந்து போகும். “கடுகு சிறுத்தாலும்...” என்று ஆரம்பிப்பேன். டீக்கடைக்காரர் முடிப்பார்: “...காரம் கடைக்காரன் கண்ணுலதான் தெரியும். போன வார டீக்காசு எப்பன்னு சொல்லு.”

விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் ஒருவர் மட்டும் பெஞ்சிலிருந்து, “ரெண்டு வண்டியுமே நம்மள ஏத்திட்டுப் போவாது. இதுல என்னடா ஒசத்தி?” என்பார். அப்போது எனக்கு அது அறிவியல் தெரியாதவர் பேச்சாகப் பட்டது.

கழக ஆட்சி வந்து, நில உச்சவரம்புச் சட்டம் வந்து, பண்ணைகளின் உபரி நிலத்தில் கொஞ்சம் உழைத்தவர்கள் பெயருக்குப் பட்டாவாகிக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்கு ஊர் கொடி, ஊருக்கு ஊர் வழக்கு. எங்கள் பக்கத்துப் பெரிய பண்ணையில் ஒரு அமெரிக்க வண்டி இருந்தது. மெட்ராஸில் தூதரகத்துக்காரர் யாரோ விற்றுவிட்டுப் போனதைப் பண்ணையாரின் மகன் வாங்கி வந்திருந்தார். ஊர் அவரைச் சின்னய்யா என்றது. வண்டி நெல் மூட்டை நிறத்தில், நெல் மூட்டை அகலத்தில் இருக்கும். சரி, நாற்பது மூட்டை அகலத்தில். முன்பக்கம் முழுக்கப் பல். (கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன். அமெரிக்காக்காரன் வழக்குப் போட்டால் எனக்கு வாய்தாவுக்குப் போக வசதியில்லை.)

இத்தாலிய வண்டி காசிம் மரைக்காயருடையது. சிங்கப்பூரில் பல வருஷம் வியாபாரம் செய்துவிட்டுத் தரங்கம்பாடிப் பக்கம் வந்து உட்கார்ந்தவர், கூடவே அதையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, கூரை கிடையாது. நின்று பார்த்தால் உள்ளே தெரியும். உட்கார்ந்தால் முட்டி காதைத் தொடும். அந்தப் பங்குனி மாத வெள்ளிக்கிழமை கார்புரேட்டர் சரியில்லை என்று என்னிடம் கொண்டுவந்து விட்டார்.

“ஜும்மா முடிச்சுட்டு வந்துடுறேன். அதுக்குள்ள சரி பண்ணி ஒரு சுத்து ஓட்டிப் பாத்து வைங்க தம்பி. புள்ள மாதிரி பாத்துக்குங்க” என்றார்.

அவர் பள்ளிவாசல் பக்கம் திரும்பியிருப்பார், சின்னய்யா வந்து ஹாரன் அடித்தார். சிவப்பு வண்டியைப் பார்த்தார்.

“என்னடா இது, தவள மாதிரி?”

எங்கள் அப்பா அவர்கள் பண்ணையில் ஏர் பிடித்தவர். பண்ணை வீட்டுக்காரருக்கு எதிர்ப்பேச்சுப் பேசினால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடம்பால் தெரிந்த பாடம். எனக்கும் தெரியும். என் வாய்க்கு மட்டும் தெரியாது.

“தவளதாங்க. ஆனா தவள தாவிட்டுப் போயிடும். எரும ஏரியைச் சுத்தித்தான் வரணும்.”

சின்னய்யா கூலிங் கிளாஸைக் கழற்றினார். “மதகு வரைக்கும் வர்றியா? முன்னாடி போனவன் வண்டி ஒசத்தி. தோத்தா டீக்கடையில நின்னு எல்லார் முன்னாடியும் ‘அமெரிக்க வண்டிதான் ஒசத்தி’ன்னு நீ சொல்லணும்.”

“நீங்க தோத்தா?”

“நான் ஏண்டா தோக்கப்போறேன்?”

மதகு மூன்று மைல். நடுவில் ஏழு திருப்பம். கார்புரேட்டரில் இன்னும் ஒரு திருகு முடுக்க வேண்டியிருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நேர்ச்சாலையில் அமெரிக்க வண்டி என்னைத் தாண்டிப் போனது. தாண்டியது என்று சொல்வது மரியாதை. புழுதியைப் போர்வை மாதிரி என்மேல் போர்த்திவிட்டுப் போனது. முதல் திருப்பத்தில் அது ஆடியது, இரண்டாவதில் ஒதியமரத்தைக் கொஞ்சியது, மூன்றாவதில் நான் உள்பக்கமாகப் புகுந்து முன்னால் போய்விட்டேன். நான்கு, ஐந்து, ஆறு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று திருப்பமும் என் வாழ்க்கையில் நான் படித்த பட்டப்படிப்பு. கண்ணாடியில் அவர் வண்டி கடுகாகிவிட்டது. பத்திரிகையின் தொலைந்த கடைசிப் பக்கத்தை நானே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது திருப்பத்தில் அஞ்சம்மாளின் உளுந்து இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்துத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போக நெற்று வெடித்து உளுந்து உதிரும். மாடு கட்டிப் போரடிக்கிற வேலையைச் சக்கரம் செய்துவிடும். எல்லோரும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அஞ்சம்மாளுக்கு வேறு வழியே இல்லை. கணவரை இழந்து, ஒரு மகளை வைத்துக்கொண்டு நடவும் களையுமாக வளர்த்தவர். பண்ணையின் உபரி நிலத்தில் அவருக்குப் பட்டா வந்திருந்தது. அந்த மண்ணில் அவர் பெயருக்கு விளைந்த முதல் வெள்ளாமை அந்த உளுந்து. பண்ணை வழக்குப் போட்டிருந்தது. அதோடு, “எங்க களத்துல அவ ஒரு செடி வைக்கக்கூடாது” என்று களத்துக்கு வேலி போட்டுப் பூட்டியுமிருந்தது. பூட்டியவர் நம் சின்னய்யா.

“களம் உங்களுது. ரோடு சர்க்காருது” என்று சொல்லிவிட்டு அஞ்சம்மாள் சாலையில் கொண்டுவந்து கொட்டிவிட்டார். ஆனால் அன்றைக்குப் பார்த்து அந்தத் தடத்தில் ஓடும் ஒரே பஸ் வரவில்லை. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. நனைந்தால் முளைத்துவிடும், இல்லையென்றால் பூசணம் பூத்துவிடும். மூன்று மாத உழைப்பு, அதைவிட அந்த ‘என் பெயருக்கு’, எல்லாம் ஒரு மழைக்கு முன்னால் உதிர்ந்தாகவேண்டும்.

இது எதுவும் தெரியாத நான், மழைக்குப் பயந்து இடுப்புயரம் கூட்டிவைத்திருந்த குவியலில் முழு வேகத்தில் புகுந்தேன்.

வண்டி தரையோடு தரையாகப் பதிந்தது என்று பெருமைப்பட்டேனே, அந்தப் பெருமை அப்படியே குவியலின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பின்சக்கரம் இரண்டும் சும்மா சுற்றின. சுற்றும் தண்டில் கொடி முறுக்கிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் புகைய ஆரம்பித்தது.

“எறங்குடா! நெருப்புப் புடிச்சா என் உளுந்து போயிடும்டா!” அஞ்சம்மாள் ஓடிவந்தார். வண்டியைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. இடுப்பிலிருந்த சொம்பை எடுத்தார். மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நீராகாரம்.

“ஐயோ, ஊத்தாதீங்க! இது இத்தாலி வண்டி!”

“இத்தாலின்னா பழைய சோறு ஆவாதா?”

சொம்பு முழுக்க வண்டிக்கு அடியில் போனது. சைலன்சர் ‘சுர்’ரென்றது. புகை அடங்கியது. இஞ்சினும் அடங்கியது. சல்லடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். (பின்னாளில் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் இன்றுவரை எந்த வண்டி வாங்கினாலும், என் மாமியார் பூசைத்தட்டில் தேங்காய் பழத்தோடு ஒரு சொம்பு நீராகாரமும் வைத்துவிடுவார். பேரப்பிள்ளைகள் ‘தாத்தா வண்டிக்குப் பசிக்குதாம்’ என்று கத்துவார்கள். பழகிவிட்டது.)

அப்போது சின்னய்யாவின் வண்டி வந்தது. நான் சிதறடித்துப் பரப்பிய உளுந்தின்மேல் ஒரு பக்கமாக ஏறி, படபடவென்று நெற்று வெடிக்க, சிரமமே இல்லாமல் தாண்டி அந்தப் பக்கம் நின்றது.

இறங்கினார். “யாரு உளுந்து இது? ரோட்ட மறிச்சு?”

“பட்டா என் பேர்ல. உளுந்தும் என் பேர்ல” என்றார் அஞ்சம்மாள்.

“பட்டாவ கோர்ட்டுல பாத்துக்குறேன்.” என் பக்கம் திரும்பினார். “என்னடா தவள? தாவலியா? வா, டீக்கடைக்கு. வந்து சொல்லு.”

அங்கேயே தலையைக் குனிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. என் வாய் குனிந்து பழகியதில்லை.

“ஒரே ஒரு தடவ தாண்டினது ஒரு ஓட்டமாங்க? குவியல நான் ஒடச்சேன், பாதையில நீங்க வந்தீங்க. எங்க, நிக்காம திருப்பித் திருப்பி பத்து தடவ ஓட்டுங்க பாப்போம். உங்க வண்டியும் சுத்திக்கிட்டு நிக்கும்.”

“என் வண்டியா? எட்டு சிலிண்டர்டா!”

“சிலிண்டரு எத்தனங்கிறது உளுந்துக்குத் தெரியாதுங்க.”

எங்கள் ஊரில் இதை நான் போட்ட தந்திரம் என்று இன்றும் சொல்கிறார்கள். தந்திரமெல்லாம் இல்லை. அந்த வண்டி நிற்கும் என்று நான் மனதார நம்பினேன். அது நிற்கவேண்டும், நான் சிரிக்கவேண்டும். என் நோக்கம் அவ்வளவுதான்.

சின்னய்யா ஏறினார். ரிவர்ஸ் எடுத்தார். முன்னால் போனார். திரும்ப வந்தார். உயரம் போதுமானதாக இருந்தது, சக்கரம் அகலமாக இருந்தது, பாரமோ கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நெற்று பட்டாசு மாதிரி வெடித்தது. அஞ்சம்மாளுக்கு விஷயம் முதல் சுற்றிலேயே புரிந்துவிட்டது. எனக்குத்தான் ஐந்தாவது வரை புரியவில்லை. அவர் கவைக்கோலை எடுத்துக்கொண்டு, வண்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொடியைப் புரட்டிப் போட்டார். வண்டி இந்தப் பக்கம் வரும்போது விலகிக்கொண்டார். ஏழாவது சுற்றில் களத்தில் மாட்டை ஓட்டுகிற குரல் அவரையறியாமல் வந்துவிட்டது:

“பொலியோ பொலி!”

வயலில் நின்ற ஆட்கள் வரப்பேறி வந்தார்கள். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். “பொலியோ பொலி!” சின்னய்யா அதைத் தன் வண்டிக்குக் கிடைத்த ஆரவாரம் என்று நினைத்திருக்கவேண்டும். பத்து கேட்டேன், பன்னிரண்டு ஓட்டினார்.

நிறுத்தி, வியர்வையைத் துடைத்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “பாத்தியாடா? எது ஒசத்தி?”

சொல்லத்தான் போனேன். பந்தயம் மதகு வரைக்கும், மதகு இன்னும் வரவில்லை, ஆறாவது திருப்பம் தாண்டியபோது நான் முன்னால், உளுந்தடிப்பது காரின் இலக்கணத்தில் சேராது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். தோற்றது நான், அந்தச் சிவப்பு வண்டி தோற்கவில்லை. சட்டைப்பையில் இருந்த திருகு இன்னும் என் மேஜையில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டார். சாலை நெடுகக் கருகருவென்று மணி. சுற்றிலும் இருபது முப்பது பேர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. தான் பூட்டிய களத்துக்குப் பதிலாகத் தன் வண்டியே வேலைக்கு வந்துவிட்டது அவருக்கு அப்போதுதான் எட்டியது. முகம் நீராகாரம் பட்ட சைலன்சர் மாதிரி ஆனது. வந்த பக்கமே வண்டியைத் திருப்பிக் கியரைப் போட்டார். சாலையில் பாதியை என் சிவப்பு வண்டி அடைத்துக்கொண்டு கிடந்தது. மீதிப் பாதியில், உதிராத உளுந்து கொஞ்சம் ஓரமாகக் கிடந்தது. வீட்டுக்குப் போக அவருக்கு அது ஒன்றுதான் வழி.

அப்போதுதான் அஞ்சம்மாள் அதைச் சொன்னார். என்னைப் பார்த்து, ஆனால் அவருக்குக் கேட்கும்படி: “அந்த ஓரம் இன்னும் உதிரல தம்பி, இன்னும் ரெண்டு சுத்து வரச் சொல்லு.”

கிழக்கே முதல் இடி உருண்டது.

அஞ்சம்மாள் கவைக்கோலைச் சாய்த்து வைத்தார். உதிர்ந்து முடிந்த கொடியில் இரண்டு கை அள்ளிக்கொண்டு போய், போரடித்த மாட்டுக்குப் போடுவதுபோல, அந்த அமெரிக்க வண்டியின் பல்வரிசைக்கு முன்னால் போட்டார். நெற்றியைத் தடவிக்கொடுத்தார். பிறகு நிதானமாகப் பின்பக்கம் நடந்து போய், அதன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.