இடைத்தரகர் ஒழிப்புக் கமிட்டி

வீட்டுச் சாமான் வாங்குவதில் காசு மிச்சம் பிடிக்கும் கலையைப் பெண்களின் கையிலிருந்து மீட்டு, அதற்கு ஓர் அலுவலக அந்தஸ்து வாங்கிக் கொடுத்த பெருமை, தூத்துக்குடிக் கப்பல் கம்பெனி ஒன்றின் தலைமைக் குமாஸ்தா வேதமணி அவர்களையே சேரும். எழுபத்துநாலாம் வருஷம் அது. சீனி விலை ஏறியது, எண்ணெய் விலை ஏறியது; ஊரில் ஒருவர்கூட இதற்கென்று ஒரு கமிட்டி போடவில்லையே என்று அவர் மனம் நொந்தார். அதனால் அவரே போட்டார்.

தலைவர் வேதமணி. செயலாளர் டைப்பிஸ்ட் பர்னபாஸ். பொருளாளர் காஷியர் சங்கரபாண்டியன். மூவரும் மானேஜர் அறையில் வருஷக்கணக்காகச் சேர்ந்து நின்று தலையாட்டிப் பழகியவர்கள். மானேஜர் தும்மினாலும் மூன்று தலையும் ஒருசேர ஆடும். இப்படியோர் ஒற்றுமை வேறெந்தக் கமிட்டிக்கு வாய்க்கும், சொல்லுங்கள் கண்ணுகளா?

முதல் கூட்டம் ஓட்டலில், நெய் ரோஸ்ட்டின் முன்னிலையில் நடந்தது. விலைவாசிக்குக் காரணம் 'இடைத்தரகர்' என்று கண்டுபிடிக்கப்பட்டது. தேடிப் பார்த்ததில் அவர்கள் தெருவில் அகப்பட்ட ஒரே இடைத்தரகர் ஜெபமாலை. தலையில் மீன்கூடையோடு தினமும் காலையில் வாசல் வாசலாக வருகிறவள். அவளை 'ஒழிப்பது' என்று முடிவாயிற்று. மூன்று வீட்டு மாதச் சாமான் பணத்தையும் 'மூலதன'மாகத் திரட்டித் தருவைகுளம் கடற்கரை ஏலத்திலேயே மீன் எடுப்பது. மிஞ்சியதில் மொத்தக் கடையில் பலசரக்குப் போடுவது.

வேதமணியின் மனைவி அற்புதமணிக்கு மட்டும் திட்டத்தின் ஆழம் பிடிபடவில்லை.

"ஏங்க, இது அரிசி பருப்புக்குள்ள பணம். இதையும் விட்டா இந்த மாசத்துக்கு வேற கெடையாது."

"ஏளா, மூலதனம்னா போயிட்டுத்தான் வரும்."

"ஜெபமாலை அக்கா வாசல்லயே கொண்டாந்து தாராவ. எனக்கு வெல கொறைக்கத் தெரியாதாக்கும்?"

"நீ செய்யுதது பேரம். நாங்க செய்யப்போறது திட்டம்."

அற்புதமணி பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை விடியலில் கமிட்டி வாடகைக் காரில் புறப்பட்டது. சிக்கனத்துக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் போனால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

மணலில் சாளை மீன் மலையாய்க் குவிந்திருந்தது. ஏலம் போடுகிற சிலுவை, மேட்டில் ஏறி நின்றார். அவர் ஏலத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அவர் விலையைச் சொல்வார். வேண்டியவர் தலையை ஆட்டுவார். இந்த நடைமுறையைக் கமிட்டிக்கு யாரும் எழுத்துமூலம் தெரிவித்திருக்கவில்லை.

"எம்பது!" என்றார் சிலுவை.

உயரமான இடத்தில் நின்று ஒருவர் உரக்கப் பேசுகிறார். வேதமணியின் தலை தானாக ஆடியது.

"தொண்ணூறு!"

தலைவரே ஆட்டிய பிறகு செயலாளர் சும்மா இருக்கலாமா? ஆட்டினார்.

"நூறு!"

பொருளாளரும் கடமையைச் செய்தார். மற்ற வியாபாரிகள் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். எதிர்ப்போர் எவருமின்றிக் கமிட்டி தன்னோடு தானே மோதி விலையை ஏற்றியது.

"இருநூத்தி எழுவது! அண்ணாச்சிக்கு!"

"எந்த அண்ணாச்சிக்கு?" என்று வேதமணி ஆவலோடு திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான்."

"நாங்க ஆளுக்கு ஒரு கிலோ சீலா மீன்தான வாங்க வந்தோம்!"

"ஒங்க தல அப்படிச் சொல்லலியே அண்ணாச்சி" என்று சிலுவை கையை நீட்டினார்.

மூன்று வீட்டு அரிசியும் பருப்பும் அந்தக் கைக்குள் போயின. வெயில் ஏறியது. காரோட்டி மீன் மலையைப் பார்த்தான். "மீன ஏத்துனா வண்டி வராது சார். ஒங்கள வேணும்னா ஏத்துதேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வந்தாள். ஜெபமாலைதான்.

"அற்புதமணி வீட்டுக்காரவுகளா? என்ன இங்கன?"

உன்னை ஒழிக்க வந்தோம் என்று எப்படிச் சொல்ல? "சும்மா, காத்து வாங்க."

"காத்தோட கொஞ்சம் சாளையும் வாங்கிருக்கீய போலுக்கே!" அவள் குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். "நூறு ரூவா தாரேன். அதுவும் ஒங்க வீட்டம்மாவுக்காக."

"இருநூத்தி எழுவதுக்கு எடுத்தது!"

"செத்த நேரம் நின்னு யோசிங்க. வெயில்ல எழுவதுன்னு ஆயிரும்."

வேதமணி கும்பிடாத குறையாக நூறை வாங்கிக்கொண்டார். குழம்புக்கென்று நாலு சாளையை ஓலையில் பொதிந்து அவளே காரில் வைத்தாள். கார் வாடகை போக மீதியை மூவரும் பங்கு வைத்தார்கள். பங்கு வைக்க அதிக நேரம் ஆகவில்லை.

'எதிர்பாராத சந்தை நிலவரம்' என்று கமிட்டி அறிக்கை எழுதி, தன்னைத்தானே பாராட்டிக் கலைந்தது. அந்த மாதமும் மூன்று வீட்டிலும் நேரத்துக்குச் சோறு வந்தது. எப்படி வந்தது என்று கமிட்டி விசாரிக்கவில்லை. அது வெறும் அன்றாட நிர்வாகம், கொள்கை விஷயமல்ல.

கமிட்டியின் புகழ் பரவி, மாதக் கடைசியில் மாதர் சங்கத்தில் வேதமணியைப் பேச அழைத்தார்கள். தலைப்பு: 'இல்லத்தரசிகளும் சிக்கனமும்'. சால்வை போட்டார்கள். முக்கால் மணி நேரம் பெண்களுக்குச் செலவழிக்கத் தெரியாததைப் பற்றி விளக்கினார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"மாசக் கடைசில கையில காசில்லாமப் போச்சுன்னா என்ன செய்யணும் அண்ணாச்சி?"

வேதமணி கனைத்துக்கொண்டார். "திட்டம் போட்டு வாழுத வீட்டுல அந்த நெலமையே வராது. எங்க வீட்டுல ஒரு மாசங்கூட வந்ததில்ல."

"ஒங்களுக்கு வந்ததில்ல" என்றாள் முன்வரிசையிலிருந்த அற்புதமணி.

கூடமே குலுங்கிச் சிரித்தது. வேதமணி அவர்கள் அதைப் பாராட்டாக ஏற்று, சால்வையைச் சரிசெய்துகொண்டு இரு பக்கமும் திரும்பி வணங்கினார். சிரித்தவர்களில் பாதிப் பேர் காதில், அடகுக்குப் போன கம்மல் துளை தூர்ந்துவிடாதபடி, ஈர்க்குச்சி செருகியிருந்தது.